மண்ணில்லாமல் கட்டாக வரும் தேக்கு நாற்றுக்குச்சிகளை வாங்குவதும் நடுவதும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருப்பதாகவும், அதில் ஓர் ஓரம் கண்மாய் வரத்து வாய்க்காலை ஒட்டியும் மற்றொரு பக்கம் சரளை மேடாகவும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பை நாற்றுகளாக வாங்கினால் விலையும் வண்டிக் கூலியும் கட்டுப்படியாகாததால், மண்ணே இல்லாமல் கட்டுக்கட்டாக விற்கும் தேக்குக் குச்சிகளை மூவாயிரம் வாங்கி நிலம் முழுவதும் நட்டுவிடலாமா என்றும், இலையும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் விறகுத் துண்டு போல இருக்கும் அது உண்மையில் உயிர் பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். உயிர் பிடிக்கும், ஆனால் மூவாயிரம் வாங்க வேண்டாம், நிலம் முழுவதும் நடவும் வேண்டாம். அதற்கான காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

நாற்றுக்குச்சி என்பதும் நாற்றங்கால்காரர்கள் ஸ்டம்ப் என்பதும் ஒன்றுதான். தேக்கு விதையைத் தாய்ப்பாத்தியில் விதைத்து, ஏறத்தாழ ஓராண்டு வளர்த்து, நாற்றைக் கடப்பாரையால் நெம்பித் தோண்டி எடுக்கிறார்கள். பிறகு மேலே 2 முதல் 3 செ.மீ. தண்டை மட்டும் விட்டு மீதித் தண்டையும் இலைகளையும் வெட்டி நீக்குகிறார்கள். ஆணிவேரில் 15 முதல் 20 செ.மீ. வரை வைத்துக்கொண்டு நுனியை நறுக்கி, பக்க வேர்களையும் சீவிவிடுகிறார்கள். எஞ்சுவது சிறிய கேரட் வடிவில் ஒரு துண்டு. பார்ப்பதற்கு நாற்றைக் கொன்றுவிட்டது போலத் தோன்றினாலும், உண்மையில் செய்திருப்பது அதைக் காப்பாற்றும் வேலை. பிடுங்கிய செடி வாடுவது இலைகள் நீரை இழந்துகொண்டே இருப்பதால்தான். தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள் அறுந்துபோன பிறகும் இலைகள் மட்டும் தங்கள் செலவை நிறுத்துவதில்லை. இலையை நீக்கிவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. தடித்த ஆணிவேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, மழை கிடைத்ததும் வேர்க்கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தில், உறங்கும் மொட்டுகளை எழுப்பப் போதுமானது.

இதே காரணத்தால் எல்லா மரத்துக்கும் இந்த முறை ஒத்துவராது. பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்தில் மரங்கள் இலையுதிர்த்து உறங்கிவிடுகின்றன. அந்த உறக்கத்திலேயே வேரோடு எடுத்து, மண்ணை உதறி, நூறு நூறாகக் கட்டி மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு நீண்ட உறக்கம் கிடையாது. வேரில் சேமிப்பு வைத்திருந்து, வெட்டினால் மறுபடி துளிர்க்கும் தன்மையுள்ள மரங்களே இங்கு வெறும் வேரோடு பயணம் செய்யத் தகுந்தவை. தேக்கும் குமிழும் அவற்றில் முதன்மையானவை. வாகையையும் நாற்றுக்குச்சியாக நடுவதுண்டு. வேப்பமரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளை, அடைமழை நாளில் வேரோடு எடுத்து, இலையை உருவிவிட்டு நட்டாலும் பிழைக்கின்றன. மகோகனி, புங்கன், இலுப்பை ஆகியவற்றை மண்ணுடன் பை நாற்றாக வாங்குவதே நல்லது. மகோகனியையும் குச்சியாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சற்று விலகி நில்லுங்கள்.

குச்சியின் நன்மை விலை மட்டுமன்று. ஐந்நூறு குச்சிகளை இரண்டு சாக்கில் கட்டி இருசக்கர வண்டியிலேயே கொண்டுவந்துவிடலாம். அதே ஐந்நூறு பை நாற்றுகளுக்குச் சரக்கு வண்டி வேண்டும், ஏற்றி இறக்க ஆளும் வேண்டும். மேலும், பையில் நெடுநாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு வளையமாகிவிடும். அப்படிப்பட்ட கன்றை நட்டால் நான்கைந்து ஆண்டுகள் நன்றாக வளர்ந்து, பிறகு ஒரு புயல் காற்றில் வேரோடு சாய்வதைப் பார்த்திருக்கிறேன். கஜா புயலைக் கண்ட மாவட்டத்துக்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. குச்சிக்கு அந்தக் குறை இல்லை, ஏனெனில் அது புதிய வேரை நேரடியாகத் தங்கள் மண்ணிலேயே விடுகிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கனம். வேர்க்கழுத்தில் ஆளின் பெருவிரல் கனம், அதாவது 1 முதல் 2 செ.மீ. இருக்க வேண்டும். பென்சில் போல் மெலிந்தவற்றில் சேமிப்பு குறைவு. துளிர்விட்டு, முதல் வெயிலிலேயே கருகிவிடும். மிகத் தடித்தவை இரண்டு மூன்று ஆண்டு நாற்றங்காலில் தங்கிப்போன பழைய நாற்றுகள். வெட்டுவாய் பெரிதாக இருப்பதால் அழுகல் எளிதில் நுழைகிறது. வேர் ஒற்றையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். கவட்டையாகப் பிரிந்தது கடப்பாரைக் குழியில் சரியாக இறங்காது. வெட்டு கூர்மையான கத்தியால் ஒரே வீச்சில் விழுந்ததாக இருக்க வேண்டும்; மொக்கைக் கத்தியால் நசுக்கிப் பட்டை உரிந்திருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு கட்டின் நடுவிலிருந்து (மேலிருந்து அல்ல) நான்கைந்தை உருவி, நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமும் வெளிர் நிறமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால், அல்லது வளைத்தவுடன் சுள்ளி போல ஒடிந்தால், அது விறகுதான்.

விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான தனியார் நாற்றங்கால்களில் இதற்கு விடை கிடைக்காது. கிடைக்காததும் ஒரு தகவல்தான். சாலையோரத்தில் நிற்கும் கோணல் மரத்தடியில் பொறுக்கிய விதையும் முளைக்கவே செய்யும், ஆனால் தாயின் கோணலும் கூடவே வரக்கூடும். நேராக உயர்ந்த மரங்களில் இருந்து விதை எடுத்து வளர்க்கும் வனத்துறை நாற்றங்கால்களிலோ மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ முன்கூட்டியே சொல்லிவைத்துப் பெற முடிந்தால் அதுவே பாதுகாப்பு. கேரளத்து நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானலியும் அவருக்குக் கீழ் பணிபுரிந்த சாத்து மேனனும் தேக்கு நடவைத் தொடங்கியபோது அவர்களுக்கு முதல் தடையாக இருந்ததே விதை முளைக்காததுதான் என்பதை இங்கு நினைவுகூரலாம். தேக்கு விதையின் ஓடு அவ்வளவு கடினமானது. மாறிமாறி நனைத்தும் காயவைத்தும்தான் அதை இணங்க வைக்க வேண்டும். ஆகவே தாங்களே விதைத்து நாற்று வளர்க்கும் எண்ணத்தை முதல் ஆண்டில் ஒத்திவையுங்கள். வேறு பெயர்களில், வேறு விலையில், சில ஆண்டுகளிலேயே வெட்டலாம் என்ற உறுதிமொழியுடன் விற்கும் தேக்குகளைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. 1990-களில் தேக்கு வளர்ப்புத் திட்டம் என்ற பெயரில் ஊரெங்கும் பணம் திரட்டிய நிறுவனங்களிடம் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதன் பிறகே, 1999-இல், அப்படிப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு விதிமுறை கொண்டுவந்தது. மரத்தின் வேகத்தைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் மட்டும் அதன் பிறகும் போகவில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது: நிலத்தை முடித்துவிட்டுக் குச்சியை வாங்குங்கள், குச்சியை வாங்கிவிட்டு நிலத்தைத் தேடாதீர்கள். விலை மலிவாக இருப்பதாலேயே இந்தத் தவறு நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கோடை மழையை நம்பி அறுநூறு குச்சிகள் வாங்கி வந்துவிட்டேன். குழி எடுக்க ஆள் வரவில்லை, பெய்த மழையும் அந்த ஒரு நாளோடு நின்றுவிட்டது. ஈரச் சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகையில் பத்து நாள் வைத்திருந்தேன். பிரித்தபோது பாதி சாக்குக்குள்ளேயே வெள்ளைத் துளிர் விட்டிருந்தது, மீதியில் பூசணம். நட்டவற்றில் எழுபது எண்பதுதான் நின்றன. குச்சி மலிவு என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் போனது ஒரு மழைக்காலம், அதை எந்த நாற்றங்காலிலும் வாங்க முடியாது.

ஈரச் சாக்கு இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் போதுமானது. அதற்கு மேல் வைக்க வேண்டியிருந்தால், நிழலில் ஒரு குழி எடுத்து, காய்ந்த மணலில் ஓர் அடுக்கு குச்சி, ஓர் அடுக்கு மணல் என்று மூடி வைக்க வேண்டும். ஈரமில்லாத மணலா என்று வியப்பாக இருக்கலாம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். உலர்ந்த மணல் அதை உறங்க வைக்கிறது, காற்றுப் படாமலும் காக்கிறது. மழைநீர் அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலே ஓலையோ தகரமோ போட்டுவிடுங்கள். இப்படி வைத்தால் சில வாரங்கள் வரை கவலையில்லை.

தங்கள் பகுதிக்கு உரிய மழை வடகிழக்குப் பருவமழை. ஆவணியிலும் புரட்டாசியிலும் பெய்யும் இடிமழையைக் கொண்டு உழுது, குழி எடுத்து, களையைத் தீர்த்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் வாரத்திலோ மண் ஓர் அடி ஆழத்துக்கு நனைந்த பிறகு நட வேண்டும். அடைமழைக்கு நடுவில் நட்டால் குழியில் நீர் தேங்கி வெட்டுவாய் அழுகும். கார்த்திகை பிற்பகுதிக்குத் தள்ளிப்போட்டால், வேர் ஆழம் போவதற்குள் தை வெயில் வந்துவிடும். ஆகவே தங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று வாரச் சாளரம்தான். நாற்றங்காலில் ஆடியிலேயே சொல்லிவைத்து, தோண்டி வெட்டிய அன்றே எடுத்துக்கொள்வதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

உழ முடியாத இடத்தில் ஒன்றேகால் அடிக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து மூடி, அது ஒரு மழையில் படிந்த பிறகு நடுங்கள். நடும் வேலை எளிது. படிந்த மண்ணில் கடப்பாரையால் குச்சியின் நீளத்துக்கு ஒரு துளை போட்டு, மெல்லிய முனை கீழே போகும்படி இறக்கி, வேர்க்கழுத்து மண் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலோ நிற்கும்படி வைத்து, மறுபடி இரண்டு அங்குலம் தள்ளிக் கடப்பாரையைக் குத்தி மண்ணைக் குச்சியை நோக்கி நெருக்க வேண்டும். மெல்லிய முனை கீழே என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கூலிக்கு ஆள் வைத்து அவசரமாக நட்ட ஒரு வயலில் இரண்டு வரிசை முழுதும் தலைகீழாக நட்டிருந்ததைக் கண்டவன் நான். அதைவிடப் பரவலான பிழை, மேல்மண்ணை மட்டும் காலால் மிதித்துவிட்டு அடியில் வெற்றிடம் விடுவது. வெளியே பார்த்தால் கச்சிதமாக இருக்கும். உள்ளே வேரின் பாதி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். நட்ட பிறகு இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நடவில்லை என்று பொருள்.

இடைவெளி 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் வரும். தங்கள் மூவாயிரம் என்ற கணக்கும் அங்கிருந்துதான் வந்திருக்கும். வனத்துறை அப்படி நெருக்கி நடுவது நான்கு ஐந்து ஆண்டில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கலைத்து எடுப்பதற்காக. கலைப்பதற்குத் தங்களுக்கு மனம் வருமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர்க்கு வருவதில்லை, விளைவு, ஏக்கர் முழுதும் கைத்தடி கனத்தில் நின்றுபோன தேக்குகள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 450-க்குச் சற்றுக் குறைவு. மானாவாரிக்கு அதற்கு மேல் நெருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது மண். தேக்கு கேட்பது ஆழமும் வடிகாலும் உள்ள மண். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் அது செழித்து நிற்பதற்குக் காரணம், வண்டல் மண்ணும் அடியில் ஓடும் ஈரமும் ஆகும். தங்கள் நிலத்தில் அதற்கு ஈடான இடம் வரத்து வாய்க்கால் ஓரம் மட்டுமே. சரளை மேட்டில் இரண்டு அடிக்குள் செம்புராங்கல் பாறை வந்துவிடும் என்றால், ஆணிவேர் அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். மரம் சாகாது, வளரவும் வளராது. ஆகவே, வாங்குவதற்கு முன் மேட்டிலும் பள்ளத்திலும் நான்கைந்து இடங்களில் மூன்றடிக்குத் தோண்டிப் பாருங்கள். என் கணிப்பில், தங்களுக்கு வாய்க்கால் ஓரத்து ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்கு 3 மீட்டர் இடைவெளியில் தேக்கும், உள்வரப்புகளில் ஒற்றை வரிசையாகச் சிலவும் போதும். பழுதுக்கும் சேர்த்து 450 குச்சிகள். சரளை மேட்டுக்கு முந்திரியும் வேம்பும் ஏற்றவை. எல்லைக்குப் பனங்கொட்டை ஊன்றுங்கள்; அதைவிட மலிவான நடவுப் பொருள் உலகில் இல்லை. வேலியோரத்துக்குக் கிளுவையும் பூவரசும் போத்தாக, அதாவது கிளைத்துண்டாக, வெட்டி நடலாம். நாற்றுக்குச்சியைக் கண்டு மலைக்கும் நாம், போத்து நட்டுத் தலைமுறை தலைமுறையாக வேலி கட்டியவர்கள்தானே.

நட்ட இரண்டு மூன்று வாரத்தில் துளிர் தெரியும். ஒரே குச்சியிலிருந்து மூன்று நான்கு துளிர்கள் வரும். ஒரு முழம் ஆகும் முன்பே திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். வரும்போதே 40, 50 குச்சிகளைத் தனியே எடுத்துப் பைகளில் ஊன்றி வீட்டோரம் வைத்திருந்தால், வயலில் பழுதான இடங்களை அதே மழைக்காலத்திலேயே நிரப்பலாம். அடுத்த ஆண்டு நிரப்பினால், முந்தியவற்றின் நிழலில் பிந்தியது தேறாது. தேக்கு நிழலைச் சற்றும் பொறுக்காத மரம். அதனால் ஊடுபயிராகச் சோளம் வேண்டாம், நிலக்கடலையும் உளுந்தும் கொள்ளும் நல்லவை. கடலை பறிக்கும்போது குச்சியும் சேர்ந்து வராமல் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

குச்சியில் மிச்சமாகும் பணத்தை முதல் இரண்டு ஆண்டு களையெடுப்புக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒன்றரை அடி ஆரத்துக்குப் புல்லே இருக்கக் கூடாது. குறிப்பாக அருகும் கோரையும். மார்கழி முடிவில் கடைசிக் களை எடுத்து, அதே இலைதழையை மூடாக்காகப் போட்டால் கோடையில் நீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் இருக்கட்டும், கரையான் ஏறும். முதல் கோடையில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு குடம் ஊற்ற வழி செய்துகொள்ளுங்கள். ஆடுகள் தேக்கிலையை அவ்வளவாக விரும்புவதில்லை என்றாலும் மாடுகள் மிதித்துவிடும், வேம்பையும் பூவரசையும் ஆடுகள் விட்டுவைக்காது. ஆகவே வேலி முதலிலேயே வேண்டும். மழைக்குப் பின் புழுக்கள் இலையை நரம்பு மட்டும் மிச்சம் விட்டு அரித்தால் பதற்றம் வேண்டாம், மரம் மறுபடி தழைக்கும். கன்றுகள் சிறியவையாக இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் சில கன்றுகள் கோணலாகவோ நுனி முறிந்தோ நிற்கும். அவற்றை மழைக்கு முன் தரைமட்டத்தில் சாய்வாக வெட்டிவிடுங்கள். வேர் இதற்குள் ஊன்றிவிட்டதால், வெட்டிய அடியிலிருந்து எழும் புதுத் தண்டு பெரும்பாலும் ஈட்டி போல நேராக எழும்பி, அந்த ஆண்டிலேயே பழைய உயரத்தைத் தாண்டிவிடும். வெட்டக் கை கூசும். ஆயினும் கோணலைப் பொறுத்துக்கொண்டு இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் மரக்கடைக்காரரிடம் விலை கேட்கும்போதுதான் அந்தக் கூச்சத்தின் விலையை அறிகிறார்கள். அதே மரக்கடையில் கேட்கும் இன்னொரு கேள்வி வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி) எவ்வளவு என்பது. இளந்தேக்கில் வெளிச்சுற்றே மிகுதி, வைரம் குறைவு. ஆகவே, 20, 25 ஆண்டுகளுக்குக் குறைந்த எந்தக் கணக்கையும் மானாவாரி நிலத்துக்குப் போடாதீர்கள்.

நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் எண்ணிக்கையைச் சொல்லி அடங்கல் என்ற கிராமக் கணக்கில் மரங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டா நிலத்துத் தேக்கானாலும், வெட்டி எடுத்துச் செல்லும்போது 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மரம் தங்கள் நிலத்தில் தாங்கள் நட்டதுதான் என்பதற்கு அந்தப் பதிவைப் போல் எளிய சான்று வேறில்லை. வேளாண்மைத் துறை பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ் மரக்கன்றுகளை விலையின்றித் தருகிறது. உழவன் செயலியில் பதிந்து, மேட்டு நிலத்துக்கான வேம்பையும் பிறவற்றையும் அங்கே கேட்டுப் பாருங்கள். அவை பைகளில் வரும். வாங்கியவுடன் ஒன்றிரண்டைக் கிழித்து அடிவேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுருண்டிருந்தால் அந்த வளையத்தைக் கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள்.